அன்றைக்குக் காற்று அடிக்கவில்லை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "லைன் சரியில்லடா, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டேன் அல்லவா, அது பொய். எல்லாம் கேட்டது. நீ கொழும்பில் ரோட்டோரம் நின்று பேசினாய். உனக்குப் பின்னால் ஒரு பஸ்காரர் "பொரளை, பொரளை" என்று தொண்டை கிழியக் கத்தினார். அதுகூடக் கேட்டது. இருபது வருஷம் கல்யாண வீட்டிலும் சடங்கு வீட்டிலும் வீடியோ பிடித்தே வயிறு வளர்த்தவன் நான். என் காதில் விழவில்லை என்று சொன்னதை நீ நம்பிவிட்டாய் பார், அதுதான் ஆச்சரியம். சத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வது எனக்குப் பழகிப்போன வித்தை. அந்த வித்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னதை நான் சரியாகக் கேட்டேன் என்று நிரூபிக்க, அப்படியே திருப்பிச் சொல்கிறேன். போட்டோ பிடிக்கிற டிஎஸ்எல்ஆர் கெமரா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறாய். அதிலேயே வீடியோவும் எடுக்கலாமாம், படம் சினிமா மாதிரி இருக்கிறதாம், ஆனால் சத்தம் மட்டும் குப்பையாம். நம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்களைப் பற்றி ஒரு படம் எடுக்கப் போகிறாய். முதல் ஆள் உன் அம்மா. அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறாய். "சத்தம் ரேடியோல கேக்குற மாதிரி சுத்தமா வரணும்ப்பா, என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றாய். அதுவரை எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அப்புறம் சொன்னாய்: "கடைசியா ஒரே ஒரு கேள்வி அம்மாகிட்ட கேக்கணும். நான் அன்னைக்கி வீடியோல அவ்வளவு சொல்லிக் கூப்பிட்டும் ஏன் வரலன்னு. கெமரா முன்னுக்குக் கேட்டாத்தான் என்னால கேக்க முடியும்." அங்கேதான் எனக்கு லைன் கெட்டுப்போனது.

இதற்குப் பதிலைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நேரில் சொல்லவும் வராது, அது உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். சத்தத்தைப் பற்றி நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்த விஷயத்தைப் பேசிக்கொண்டே போனால் மற்றதைச் சொல்லவும் தைரியம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

கெமராவோடு ஒட்டிப் பிறந்த மைக்கை நம்பாதே. அது சும்மா பேருக்கு வைத்தது. பேசுகிறவர் ஏழடி தள்ளி உட்கார்ந்திருப்பார், உன் விரலோ மைக்குக்குப் பக்கத்தில் இருக்கும். அது யாரைக் கேட்கும்? உன் விரல் உரசுவதையும், லென்ஸ் தானாகத் திரும்பும்போது உள்ளே கர் கர் என்பதையும்தான் கேட்கும். இன்னொரு கோளாறும் இருக்கிறது. இந்தக் கெமராக்கள் சத்தத்தின் அளவைத் தாங்களே கூட்டிக் குறைக்கும். பேசுகிறவர் ஒரு நிமிஷம் வாயை மூடினால், "ஐயோ சத்தம் போதவில்லையே" என்று பதறிப்போய்க் கூட்டும். மௌனம் இருக்க வேண்டிய இடத்தில் 'உஸ்' என்று இரைச்சல் எழும்பிவரும். உன் அம்மா பேச்சில் பாதி மௌனம்தான். ஆகவே தனியாக ஒரு சின்ன ரெக்கார்டர் வாங்கு, இல்லை இரவல் கேள். அதில் சட்டையில் கவ்வும் சின்ன மைக்கைச் செருகு. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம், அவ்வளவுதான். இரண்டு மெஷினையும் ஓடவிட்டு, கெமரா முன்னால் ஒரு தடவை கையைத் தட்டு. பிறகு கம்ப்யூட்டரில் கை சேரும் இடத்தையும் தட்டல் சத்தத்தையும் ஒன்றாக வைத்தால் உதடும் பேச்சும் பொருந்திவிடும். நான் அட்டனில் ஸ்டூடியோ போட்ட காலத்தில் இதெல்லாம் தெரிந்திருந்தால் எத்தனை பேருடைய பேச்சு பிழைத்திருக்கும்!

ஏனென்றால் நாங்கள் அப்போது செய்ததெல்லாம் அநியாயம். உனக்கு நினைவிருக்கும், நம் பக்கத்து வீடியோக்காரர் எவரும் கல்யாணத்துச் சத்தத்தை வைக்கவே மாட்டோம். எப்படி வைப்பது? லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கூரை தகரம், மழை பெய்தால் தாலி கட்டுகிற ஐயரின் மந்திரம்கூட முங்கிப்போகும். மழை இல்லாவிட்டால் ஜெனரேட்டர். அது நின்றால் லவுட்ஸ்பீக்கர். எடுத்து வந்த கசெட்டை டெக்கில் போடுவோம், டெக்கில் ஆடியோ டப் என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் படம் அப்படியே இருக்கும், பழைய சத்தம் அழிந்து சினிமாப் பாட்டு ஏறும். ஒரு தடவை ஏறினால் ஏறினதுதான், கடவுளே வந்தாலும் பழைய சத்தத்தைத் திருப்பி எடுக்க முடியாது. சனங்களும் அதைத்தான் கேட்பார்கள். "அண்ணே, நல்ல பாட்டா போட்டுக் குடுங்க." பூண்டுலோயாப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் கண்ணீர் விட்டு மணமக்களுக்குப் புத்தி சொன்னார். நான் அதன் மேல் ஒரு காதல் பாட்டை ஏற்றிவிட்டேன். வீடியோ போட்ட அன்று மாமா பெண் குரலில் சிணுங்கிச் சிணுங்கிப் பாடுகிறார்! லயமே விழுந்து விழுந்து சிரித்தது. சாகும்வரை அவருக்கு டூயட் மாமா என்றுதான் பேர். நானும் சிரித்தேன். அந்த மனிதர் என்ன சொல்லி அழுதார் என்று இன்றைக்கு அந்தப் பெண் வந்து கேட்டால், எடுத்துக் கொடுக்க அந்தச் சத்தம் எங்கேயும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும், நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மேல் என்ற திமிர் எனக்கு இருந்தது. கண்டியில் ரேடியோ சாமான் விற்கிற ஒரு சிங்கள முதலாளியிடம் சட்டையில் மாட்டுகிற மைக்கும் ஒரு பழைய ஹெட்போனும் வாங்கினேன். எடுத்துக் கொடுக்கும்போது "ஹொந்தட்ட அஹன்ன, மாத்தயா" என்றார், நன்றாகக் கேளுங்கள் என்று. வியாபாரத்துக்குச் சொன்ன பேச்சுத்தான். ஆனால் அதை மாட்டிய முதல் நாள் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனிதர்கள் பேசுவதற்கு முன் எச்சில் விழுங்குவது கேட்கிறது. பொய் சொல்வதற்கு முன் மூச்சு நிற்பது கேட்கிறது. நீயும் ஹெட்போன் இல்லாமல் ஒரு நிமிஷம்கூடப் பதிவு செய்யாதே. கெமராவுக்கு முன்னால் நூறு பேர் நிற்கலாம், உண்மையில் என்ன பதிவாகிறது என்று கேட்கிறவன் ஹெட்போன் மாட்டியவன் ஒருவன்தான். அன்றைக்கு நீ பேசியதைக் கேட்டதும் ஹெட்போன் மாட்டியிருந்த ஒருவன்தான்.

உனக்கு ஐந்து வயதில் உன் அம்மா குவைத்துக்குப் போனாள். கொழுந்து எடுத்த கை, அங்கே போய் மார்பிள் தரை துடைத்தது. என் கெமராவும் டெக்கும் அந்தக் கை அனுப்பியதில் வந்தவை. இரண்டு வருஷத்துக்குப் போட்ட ஒப்பந்தக் கையெழுத்து முடிகிற நேரத்தில் எனக்கு ஒரு கடிதம் போட்டாள். அவள் எழுத்து உனக்குத் தெரியுமே, கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போகும். "மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லுது. எனக்கு முடிவு எடுக்கத் தெரியல. தம்பியக் கேளுங்க. நீங்க கேட்டுச் சொல்ல வேணாம், அவன் வாயால சொல்லட்டும். வீடியோ எடுத்து அனுப்புங்க, மேடம் வீட்டுல டெக் இருக்கு. வான்னு சொன்னா வந்துருவேன். இருன்னு சொன்னா இருப்பேன்." ஏழு வயசுப் பிள்ளையிடம் முடிவைக் கொடுப்பாளா ஒரு தாய் என்று எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்குப் புரிகிறது. என் வாயை அவள் நம்பவில்லை. அவள் நம்பாததில் தப்பும் இல்லை.

அந்த வீடியோ எடுத்த நாள் உனக்கு நினைவிருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறுதியானது. காலைப் பெரட்டில் பேர் கொடுத்து முடிந்து ஆட்கள் எல்லோரும் மலைக்கு ஏறிவிட்டார்கள். லயத்துப் பக்கம் ஈ காக்கை இல்லை. பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, பிள்ளையார் கோயிலுக்கு மேலே இருக்கிற சவுக்கு மரத்துக்கு முன்னால் உன்னை நிறுத்தினேன். பின்னால் தேயிலை மலை. மைக்குக்குக் காற்று அடிக்கக் கூடாது என்று பழைய கம்பளியில் ஒரு துண்டு வெட்டி உறை தைத்து வைத்திருந்தேன், அன்றைக்கு அதற்கு வேலையே இல்லை. ஒரு பொட்டுக் காற்று இல்லை. பனி இறங்கி எல்லாச் சத்தத்தையும் அமுக்கிவிட்டிருந்தது. உன் சட்டையில் மைக்கை மாட்டி ஹெட்போனைக் காதில் வைத்தேன். உன் மூச்சு கேட்டது. என் வாழ்நாளில் நான் பிடித்த சத்தங்களிலேயே சுத்தமான சத்தம் அதுதான், தம்பி. அதைப் போல் ஒன்றை அதற்குப் பிறகு நான் பிடிக்கவே இல்லை.

"அம்மாகிட்ட பேசுடா" என்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை, லென்ஸைப் பார்த்தாய். நீ பேசியதில் எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. "அம்மா, நான் ரெண்டாம் வகுப்பு வந்துட்டேன். கணக்குல நல்ல மார்க்கு. சரோஜா அத்தை வீட்டுலதான் சாப்புடுறேன். அப்பா கல்யாண வீட்டுக்குப் போனா வர மாட்டாரு, நான் அங்கயே படுத்துக்குவேன். அத்தை வீட்டு மாமா குடிச்சிட்டு வந்து கத்துவாரு, சாமானெல்லாம் தூக்கி அடிப்பாரு. எனக்குப் பயமா இருக்கும்மா. அப்பாகிட்ட சொன்னேன், சரியாப் போயிரும்ங்குறாரு. நீ வந்துரும்மா. சட்டையெல்லாம் வேணாம். வெளாட்டுச் சாமானும் வேணாம். வந்துரும்மா." அவ்வளவுதான். நீ அழக்கூட இல்லை. பெரிய மனுஷன் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். முடித்துவிட்டு, "சரியாப்பா?" என்று என்னைக் கேட்டாய். "சரிடா" என்றேன்.

அன்று மத்தியானம் ஸ்டூடியோக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு கசெட்டைப் போட்டுக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். இது போய்ச் சேர்ந்தால் அவள் அடுத்த பிளேனில் வந்து நிற்பாள் என்று தெரிந்தது. வந்து நின்று, "பிள்ளையக் குடிகாரன் வீட்டுல போட்டுட்டா ஊர் ஊரா வீடியோ புடிச்சிக்கிட்டுத் திரியிறீங்க?" என்று லயமே கேட்கக் கேட்பாள். அப்போதுதான் திம்புள்ளப் பக்கமிருந்தெல்லாம் என்னைத் தேடிக் கல்யாணத்துக்குக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பேரை விட எனக்கு மனசில்லை. அவள் முன்னால் தலை குனியவும் மனசில்லை. வெட்கம்தான் தம்பி, வேறொன்றும் இல்லை. தேவை, கஷ்டம், உன் எதிர்காலம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது. நான் அந்தப் பட்டனை அழுத்தினேன். அம்மாவைப் பற்றிய ஒரு சினிமாப் பாட்டை உன் மேல் ஏற்றினேன். நீ வாயைத் திறந்து திறந்து மூடுகிறாய், ஆர்மோனியம் வாசிக்கிறது. லீவுக்கு வந்து திரும்பிப் போகிற ஒரு பெண்ணிடம் மறுநாளே கசெட்டைக் கொடுத்தனுப்பிவிட்டேன். கூடவே ஒரு துண்டுக் கடிதம்: "காற்றுச் சத்தம் அதிகம். தம்பி பேசியது ஒன்றும் சரியாக விழவில்லை. அதனால் பாட்டுப் போட்டிருக்கிறேன். அவன் நன்றாக இருக்கிறான். இருந்துவிட்டே வரச் சொல்கிறான்."

எல்லா வீடியோவிலும் பாட்டுப் போடுகிற ஊர். ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள். உன் அம்மாவும் சந்தேகப்படவில்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அது முடிந்ததும் இன்னொரு கையெழுத்தும் போட்டாள். நீ கூப்பிட்டது ஏழு வயதில், அவள் வந்தது உன் பதினோராம் வயதில்.

வந்த அன்று அவள் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டிலிருந்து வேனில் வந்து இறங்கி, ஓடி வந்து உன்னைக் கட்டிப்பிடித்தாள். நீ கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாய். அவள் ஊட்டப்போனால், "நானே சாப்பிட்டுக்குவேங்க" என்றாய். அவள் போகும்போது 'நீ வா போ' என்று மடியில் புரண்டுகொண்டு பேசியவன், வந்த நாளிலிருந்து 'நீங்க வாங்க' என்றுதான் பேசுகிறாய், இன்றைக்குவரை. பக்கத்து வீட்டுக்காரர்கள், "பையன் என்னா மரியாதையாப் பேசுறான் பாருங்க" என்று மெச்சினார்கள். அவளும் தலையாட்டிச் சிரித்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

கொஞ்ச நாள் கழித்து என்னிடம் அவள் ஒரு விஷயம் கேட்டாள். மேடம் வெளியே போன வெள்ளிக்கிழமை எல்லாம் அந்தக் கசெட்டைப் போட்டுப் பார்ப்பாளாம். பாட்டுச் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, டிவிக்கு நெருங்கி உட்கார்ந்து உன் உதட்டையே பார்ப்பாளாம். "மொத்தமாப் புரியலங்க. ஆனா கடைசில ஒரே வார்த்தைய ரெண்டு தரம் சொல்றான். ‘ந்துரும்மா’ன்னு முடியுது. இருந்துரும்மான்னுதானே சொன்னான்?" தம்பி, வந்துரு என்றால் மேல் பல் கீழ் உதட்டில் பட வேண்டும். உனக்கு அப்போது முன் பல் இரண்டும் விழுந்திருந்தது. அவள் எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்தும் அந்த ஓர் எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அந்த ஒரே ஒரு சொல்லை நான் திருத்தியிருந்தால் போதும். நான், "ஆமா, இருந்துரும்மான்னுதான் சொன்னான்" என்றேன். "அப்பவே என்னைய வேணாம்னு ஆயிருச்சு போல" என்றாள்.

நீயும் ஒருநாள் எனக்கு வாய்ப்புக் கொடுத்தாய். பன்னிரண்டு வயது இருக்கும். ஸ்டூடியோவில் எனக்கு வயர் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். "அம்மாகிட்ட ஏண்டா மூஞ்சி குடுத்துப் பேசமாட்டேங்குற?" என்று, எல்லாம் தெரிந்துகொண்டே, கேட்டேன். "நான் கூப்பிட்டப்ப வரலதானே" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். வயரைச் சுற்றி முடித்து ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாய். அன்றைக்கு உன் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்திருக்கலாம். பதினைந்து வருஷமாக ஒரே குடும்பத்துக்குள் அவள் உன்னைக் கேட்கவில்லை, நீ அவளைக் கேட்கவில்லை. இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டிருந்தால் என் சாயம் வெளுத்திருக்கும். கேட்டுவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் சாமி கும்பிட்டவன் நான். உன் அப்பன் இப்படிப்பட்டவன்தான். கெட்டிக்காரன், மாஸ்டர், அட்டனிலேயே நல்ல சத்தம் பிடிக்கிறவன் என்றெல்லாம் நீ உன் சிநேகிதர்களிடம் சொல்லுவாயாம். இனிமேல் சொல்லாதே.

நீ வந்து அந்தக் கேள்வியைக் கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. உன் கெமரா முன்னால் விழிப்பாள். நீ அதைச் சமாளிப்பு என்று நினைப்பாய். அந்த ஒரு நிமிஷத்தை என்னால் சகிக்க முடியாது. ஆகவே இதைத் தபாலில் போடுவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். பாதியில் மனசு மாறிக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக இங்கேயே எழுதியும் வைக்கிறேன்.

மேலே உள்ளதை எழுதி மூன்று நாள் ஆகிவிட்டது. வாசித்துவிட்டேன்.

நேற்றுப் பிற்பகல் உட்கார்ந்தோம். தொடங்குகிற நேரம் பார்த்து மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் நான் என்ன வாசித்தாலும் பாதி அவளுக்குக் கேட்காது, நானும் வாசித்துவிட்டேன் என்று பேர் பண்ணிக்கொள்ளலாம். அந்த எண்ணம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மழை விடும்வரை கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். விட்ட பிறகு முதல் வரியிலிருந்து வாசித்தேன். அவள் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீ பேசிய இடம் வந்ததும் கத்தி நின்றது. வாசித்து முடிந்ததும் ஒரே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கிக் காத்து அடிக்கலையா?"

"இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள். "வீடியோல அவனுக்குப் பின்னுக்குச் சவுக்கு மரம் நிக்குது. ஒரு எலகூட ஆடல. அத நான் பாத்தேங்க. எத்தன தரம் பாத்தேன். பாத்தும், நீங்க எழுதுனீங்களேன்னு காத்து அடிச்சிச்சின்னுதான் நெனச்சேன். நான் ஒரு மடச்சி." சத்தத்தை அழித்தவன் படத்தைத் தொடவில்லை என்பது எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவே இல்லை.

பிறகு அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். பாத்திப் பக்கம் ஈரத்தில் நின்றுகொண்டே இருந்தாள். நான் கூப்பிடப் பயந்து வாசற்படியில் நின்றேன். திரும்பி வந்தபோது கத்தினாள். ஆமாம், உன் அம்மா கத்தினாள். நீ கேட்டதே இல்லை, நானும் கேட்டதில்லை. "எம் புள்ள பயமா இருக்குன்னு சொன்னதுக்கு மேல பாட்டுப் போட்டீங்களா? பாட்டு!" என்று ஒரு தட்டைத் தூக்கி அடித்தாள். மற்றதையெல்லாம் எழுத முடியாது, எழுதவும் கூடாது. அத்தனையும் எனக்கு வர வேண்டியதுதான். நேற்றிலிருந்து சோறு போட்டு வைக்கிறாள், முகம் பார்ப்பதில்லை. இந்த வயதில் மன்னிப்புக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. இனிமேல் நீ என்னோடு எப்படிப் பேசுகிறாயோ அப்படிப் பேசு.

இன்று காலை அவளாகவே வந்து மேசை மேல் எதையோ வைத்தாள். அந்தக் கசெட். பெட்டியின் அடியில் சேலைக்குள் சுற்றி வைத்திருந்திருக்கிறாள். "தம்பிக்கு எழுதுறதுல இதையும் எழுதுங்க" என்றாள். சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன், இந்த ஒரு தடவையாவது. "மைக்க எனக்கு மாட்ட வேணாம், அவனுக்கு மாட்டிக்கச் சொல்லுங்க. அந்த மரத்தடில நின்னு அன்னைக்கிச் சொன்னத மறுபடி சொல்லட்டும். எனக்குக் கேக்கணும். அப்புறம் அவன் என்னா கேட்டாலும் நான் சொல்றேன்."

ஆகவே, உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான் பாக்கி. காலையில் பெரட்டு முடிந்த பிறகு போவோம், அப்போதுதான் அமைதி. கம்பளியில் மைக்குக்கு உறை தைத்து வைக்கிறேன், காற்று அடித்தாலும் பயமில்லை. சத்தத்தின் அளவை நீயே கையால் வை, மீட்டரில் சிவப்புக்கு வெகு கீழேயே நிறுத்து, ஏனென்றால் அழுகை வந்தால் குரல் சட்டென்று ஏறும், அதற்கு இடம் வேண்டும். பேச்சு முடிந்ததும் நிறுத்திவிடாதே. ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடு, அந்த இடத்தின் மௌனமும் பதிவாகட்டும், எடிட் பண்ணும்போது தேவைப்படும். எந்தப் பாட்டும் போடாதே. கெமராவை வேண்டுமானால் நான் பிடிக்கிறேன், படம் மட்டும். ரெக்கார்டரை நான் தொடமாட்டேன்.

ஹெட்போனை அம்மா காதில் மாட்டிவிடு. அவளுக்கு மாட்டத் தெரியாது, நீதான் கிட்டப் போய் மாட்ட வேண்டும்.

அப்பா